மலைத்தீயும் அடிவாரத்து ஆசிரியரும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம், சமயம், இல்லையென்றால் ஊர்ப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கை என்று ஒரு வழக்கம் இருக்கிறது. காட்டுத்தீயைப் பற்றியும், அதைப் பற்றி ஊராரிடம் எடுத்துச் சொல்லக் கிளம்பும் தன்னார்வலர்களைப் பற்றியும் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்களில் ஒருவர், "சங்கராபுரத்துல காடு ஏதுங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைவீதியில் நின்றால் காடு தெரியாது. ஊருக்கு வெளியே வந்து மேற்கே பார்த்தால் மலை தெரியும். கோமுகியும் மணிமுக்தாவும் அங்கிருந்துதான் இறங்கி வருகின்றன. கோமுகி அணைக்கு 46 அடி, மணிமுக்தா அணைக்கு 36 அடி. இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் நம் ஆட்கள் நடவைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். காடு மேலே இருக்கிறது, அதன் கணக்கு நம் வயலில் இருக்கிறது.

தீயின் கொடுமையை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 அக்டோபர் 26, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, நம் கடைவீதியில் ஒரு பட்டாசுக் கடை எரிந்தது. உயிர்களை இழந்தோம். உரிமம் யார் கொடுத்தது, எவ்வளவு சரக்கு வைத்திருந்தார்கள் என்று மறுநாளே எல்லோரும் கேட்டோம். மலைச்சரிவில் தீப்பிடித்தால் அப்படிக் கேட்க ஆளில்லை. "ராத்திரி பாத்தியா, மலைக்கு மாலை போட்ட மாதிரி இருந்துச்சு" என்று டீக்கடையில் வியந்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். அந்த வியப்புக்கு அடுத்து ஒரு கேள்வியை வைப்பதுதான் நான் சொல்லவரும் தன்னார்வலரின் வேலை.

முதலில் மலையைக் கொஞ்சம் பார்ப்போம். கல்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. ஜவ்வாது, சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றுக்குப் பங்காளி. வடக்கே இருப்பது சின்னக் கல்வராயன், சராசரியாக 2,700 அடி. தெற்கே பெரிய கல்வராயன், 4,000 அடி. அடிவாரத்தில் முள்ளும் புதரும். ஏற ஏற இலையுதிர் காடு. கடுக்காயும் நெல்லியும் வேங்கையும் அங்கேதான். உயரத்தில், ஈரம் தங்கும் பள்ளங்களில் சோலை. இந்த மூன்றும் ஒரே மாதிரி எரிவதில்லை. சோலைக்குள் நிழலும் ஈரமும் இருப்பதால் தீ ஓரத்தைக் கருக்கிவிட்டு நின்றுவிடும். எரிவது பெரும்பாலும் இலையுதிர் காடும் அதை ஒட்டிய புல்வெளியும்தான். மார்கழியோடு மழை ஓய்கிறது. தையில் புல் காய்கிறது. மாசியில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கின்றன. கணுக்கால் புதையும் சருகு, இடுப்பளவு காய்ந்த புல், மேலே மறைப்பில்லாத வெயில். பங்குனியில் அங்கே ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும்.

குரங்கணியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம், போடிக்கு மேலே. கொழுக்குமலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைச் சரிவில் தீ சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள்; பெரும்பாலோர் இளைஞர்கள். ஹெலிகாப்டர்கள் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவற்றுக்கு முன்பே மேலே ஏறியவர்கள் உள்ளூர் மக்கள். போர்வையைக் கம்பில் கட்டி, கருகிய உடம்புகளைத் தோளில் சுமந்து அவர்கள்தான் இறக்கினார்கள். பிறகு அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது, மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியபோது, பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம், அந்த நாட்களில் மலைப்பாதைகள் மூடப்படும் என்று வைத்தார்கள். நல்ல விதி. ஆனால் கல்வராயனில் மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் வண்டியில் போய், ஓரமாகக் கல் கூட்டி, கறி சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருகிற நம் ஊர் இளைஞர்கள் தங்களை மலையேறுபவர்கள் என்று நினைப்பதில்லை. அதனால் அந்த விதி தங்களுக்கானது என்றும் நினைப்பதில்லை.

சரிவில் தீ எப்படி நடந்துகொள்ளும் என்பதை வார்த்தையால் விளக்கினால் மாணவர்கள் தலையாட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். அமெரிக்காவில் மிசூலா என்ற ஊரில் வனத்துறையின் தீ ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பள்ளிகளுக்காக உருவாக்கிய பாடத்தில் 'தீக்குச்சிக் காடு' என்று ஒரு சோதனை உண்டு. நம் ஊருக்கு ஏற்றபடி அதைச் செய்ய சில மண் ஓடுகள், ஒரு செங்கல், கொஞ்சம் களிமண், இரண்டு தீப்பெட்டி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் போதும். ஓட்டின் மேல் களிமண்ணைத் தட்டையாக அப்பி, தீக்குச்சிகளை மருந்து மேலே இருக்கும்படி விரற்கடை இடைவெளியில் வரிசை வரிசையாகக் குத்தி வையுங்கள். ஓட்டைத் தரையில் சமமாக வைத்து ஓரத்துக் குச்சியைப் பற்றவையுங்கள். அது எரியும், பக்கத்துக் குச்சிக்குத் தாவலாமா வேண்டாமா என்று யோசிக்கும், பல நேரம் இரண்டு மூன்று குச்சியோடு அணைந்துவிடும். அடுத்து இன்னோர் ஓட்டை ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்து, கீழ்வரிசையில் பற்றவையுங்கள். கேட்பதற்கு ஒரு 'புஸ்' சத்தம், அவ்வளவுதான். கண் இமைப்பதற்குள் உச்சிவரை போய்விடும். மூன்றாவது முறை, அதே சாய்வில் மேல்வரிசையிலிருந்து பற்றவையுங்கள். தீ தயங்கித் தயங்கித்தான் கீழே இறங்கும்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பார்த்தார்கள் என்றால், மலையில் தீ வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களே சொல்வார்கள். சுவாலை மேல்நோக்கிச் சாய்ந்து, தனக்கு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்புப் பயிற்சிகளில் சொல்லப்படும் பொதுக் கணக்கு. அதனால் மேலே ஓடாதே. பள்ளத்து ஓடைக்குள் இறங்காதே. அது புகைபோக்கிபோல இழுக்கும். பக்கவாட்டில் விலகு. பாறை, வெட்டவெளி, ஏற்கெனவே எரிந்து கருகிய தரை, இவற்றைத் தேடு. எரிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றுமில்லை. நைலான், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும், பருத்தி உடுத்து. பிறகு ஓட்டின் நடுவில் இரண்டு வரிசைக் குச்சிகளைப் பிடுங்கிவிட்டுப் பற்றவைத்துக் காட்டுங்கள். தீத்தடுப்புக் கோடு என்று வனத்துறை எதை வெட்டுகிறது, ஏன் ஆண்டுதோறும் வெட்டுகிறது என்பதும் புரிந்துவிடும்.

இதுவரை எளிய பகுதி. தீயை யார் வைக்கிறார்கள் என்று கேட்டால்தான் பேச்சு கடினமாகிறது.

மூங்கில் உரசித் தீப்பிடிக்கும் என்று நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அதை விட்டுவிடலாம். இந்தியக் காடுகளில் பற்றும் தீ ஏறக்குறைய அத்தனையும் மனிதக் கையால் பற்றுவது. சில தெரிந்து வைப்பவை, சில கவனக்குறைவு. மாடு மேய்ப்பவர் காய்ந்த புல்லைக் கொளுத்தினால், ஒரு தூறலுக்குப் பச்சைக் குருத்து கிளம்பும், மாடு ஆசையாகத் தின்னும். தேனெடுப்பவரின் பந்தத்திலிருந்து பொறி விழும். கொல்லையைத் திருத்தும்போது வைத்த தீ காற்றில் எல்லை தாண்டும். வாகனத்தில் போகிறவர் வீசும் சிகரெட், அருவிக்கரை அடுப்பு, கள்ளச்சாராய அடுப்பு, எல்லாம் உண்டு.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தன்னார்வலர் மலையேறினால் என்ன ஆகும்? கரியாலூருக்கு மேலே ஒரு சிற்றூரில், மாட்டுப்பட்டியின் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் நான் இந்தப் பேச்சையெல்லாம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். மாலை நேரம். கிழக்கே கீழே சமவெளி விரிந்து கிடந்தது. அங்கங்கே நேர்க்கோடாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. அவர் கையை நீட்டி, "ஏன் சார், அங்க கீழ கரும்பு வெட்டிட்டு சோகைக்கு நெருப்பு வெக்கிறீங்களே, அந்த ஊருக்கெல்லாம் போய்ச் சொல்லியாச்சா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கும் மாவட்டம் இது. கரும்பு வெட்டும் பருவமும் காட்டில் சருகு சேரும் பருவமும் ஒன்றுதான். சோகையைத் தூளாக்கிப் பாத்தியிலேயே மூடாக்காகப் போடலாம், மண்ணுக்கு ஈரமும் உரமும் கிடைக்கும் என்று வேளாண் துறை சொல்லிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் ஒரு குச்சி கிழித்தால் வேலை முடிகிறதே என்று எரிக்கிறோம். அடிவாரத்தை ஒட்டிய வயலில் எரிக்கும்போது அது மலைக்குத் தாவுவதும் உண்டு. இதைச் சொல்லாமல் கல்வராயனில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் மட்டும் போய் "தீ வைக்காதீர்கள்" என்று பாடம் எடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த மலைக்குக் கீழிருந்து ஏறிப்போனவர்களெல்லாம் கட்டளையிடவே போயிருக்கிறார்கள். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த மக்கள்; அரசு நேரடியாகப் பொறுப்பேற்றது 1976இல்தான். அதன் பிறகு போனவர்களும் பெரும்பாலும் காக்கிச் சட்டைகள்.

காக்கிச் சட்டை இல்லாத ஒருவருக்கு இங்கேதான் இடம் இருக்கிறது. 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம். சட்டம் இருக்கட்டும், இருக்கவும் வேண்டும். ஆனால் எல்லாத் தீயும் குற்றமென்றால் எந்தத் தீயையும் பார்த்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முதலில் போய்ச் சொன்னவரே முதல் சந்தேகத்துக்கு ஆளாவார் என்ற பயம். வனக்காவலரிடம் சொல்லத் தயங்குவதைப் பள்ளி வாத்தியாரிடம் சொல்வார்கள், மருந்துக்கடைக்காரரிடம் சொல்வார்கள். தன்னார்வலரின் காது அவருடைய வாயைவிடப் பயன்படும்.

மருந்துக்கடை என்றதும் ஓர் உதாரணம். உத்தராகண்டில் அல்மோரா மாவட்டத்துச் சீத்லாகேத்தில் ஓர் அரசு மருந்தாளுநர், கோசி ஆற்றுக்குத் தண்ணீர் தரும் காட்டைக் காக்க ஊர்ப் பெண்களோடு சேர்ந்தார். அங்கே வயல் வரப்புகளில் வெட்டிக் குவிக்கும் முள்ளையும் புதரையும் கோடையில் எரிப்பார்கள். அந்தத் தீ பைன் காட்டுக்குள் ஓடிவிடும். மருந்தாளுநரும் அந்தப் பெண்களும் எரிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. மார்ச் 31க்குள் எரித்து முடித்துவிடுங்கள், காடு காய்வதற்கு முன் என்றார்கள். ஏப்ரல் முதல் தேதியை அதற்கென ஒரு நாளாகவே கொண்டாடத் தொடங்கினார்கள். மத்திய இந்தியாவில் இலுப்பைப் பூப் பொறுக்குபவர்கள், பூ கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மரத்தடிச் சருகைக் கொளுத்துவார்கள். அதற்கு அறிவுரை சொல்லிப் பலனில்லை என்று தெரிந்து, சில இடங்களில் மரத்தடியில் விரிக்க வலை கொடுத்தார்கள். பூ வலையில் விழுகிறது, தீக்கு வேலையில்லை. இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள்: யாரும் தீயின் தீமையைப் பற்றிப் பேசுவதோடு நிற்கவில்லை. எதற்காக வைக்கிறாய், எப்போது வைக்கிறாய் என்று கேட்டு, அந்த இடத்தில் கை வைத்தார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு கதை. சத்தியமங்கலத்துக்கு அப்பால், கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் முன்பெல்லாம் ஆண்டின் தொடக்கத்திலேயே, புல் முற்றக் காய்வதற்கு முன், சருகுக்குச் சிறு தீ வைத்து வந்தார்கள். சரணாலயமான பிறகு அது நின்றது. அதன் பிறகுதான் உண்ணிச்செடி காடெங்கும் மண்டியது, இப்போது பிடிக்கும் தீ பெருந்தீயாகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்களும் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் 1944 முதல் ஸ்மோக்கி என்ற கரடிப் பொம்மையை வைத்துக் காட்டுத்தீக்கு எதிராகப் பிரசாரம் செய்தார்கள், நன்றாகவே வென்றது. ஆனால் எந்தத் தீயானாலும் உடனே அணைப்பது என்ற பல பத்தாண்டுக் கொள்கையில் எரியாத கட்டை குவிந்து, இன்று அவர்களே திட்டமிட்டுத் தீ வைத்துக் குறைக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு, ஆகவே கல்வராயனிலும் கொளுத்தலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மலைக்கு மலை மழை வேறு, மரம் வேறு. காப்புக்காட்டில் எங்கே எப்போது என்பதை முடிவு செய்ய வனத்துறையும் கிராம சபையும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சு நடக்க வேண்டுமானால் மலைக்காரரின் அனுபவம் குற்ற ஒப்புதலாக இல்லாமல் தகவலாக வர வேண்டும் என்பதுதான் என் கவலை.

அடுத்தடுத்த ஆண்டுகளில் எரிந்த சரிவு எப்படி இருக்கும் என்பதையும் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட வேண்டும். பெரிய மரங்கள் நிற்கும். பட்டை தடிப்பானவை தாங்கிவிடும். குனிந்து பாருங்கள். முழங்கால் உயரக் கன்று ஒன்றுகூட இராது. கடுக்காய் மரம் இருக்கும், கடுக்காய்க் கன்று இருக்காது. அதாவது முப்பது ஆண்டு கழித்து மரமும் இருக்காது. தரையில் முட்டையிடும் கௌதாரிக்கும் மயிலுக்கும் ஒளிய மறைவில்லை. மெல்ல நகரும் ஆமைக்கும் பாம்புக்கும் ஓட வழியில்லை. முதல் கோடை மழை வந்ததும், பிடிக்க வேர்களில்லாத சாம்பலும் மேல்மண்ணும் ஓடையில் இறங்கும். அது எங்கே போய்ச் சேரும் என்று கோமுகிப் பாசனக்காரருக்குச் சொல்ல வேண்டுமா? அணையில் 46 அடி என்று அளக்கிறோம். அதில் அடியில் எவ்வளவு வண்டல் என்பதும் அந்த அளவுக்குள்தான் இருக்கிறது.

நமக்குப் பக்கத்து ஊரிலேயே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். திருவண்ணாமலையில் 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளையினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வனத்துறையோடு சேர்ந்து அண்ணாமலை மலையில் மரம் வளர்க்கிறார்கள். கோடைக்கு முன் புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு எடுக்கிறார்கள். மலையில் புகை தெரிந்தால் உள்ளூர் ஆட்களும் தன்னார்வலர்களும் பச்சைத் தழையோடு ஏறுகிறார்கள். அவர்களோடு சேர்ந்த மருதம் பண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மலைதான் பாதி வகுப்பறை. ஆசை இருந்தால் ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள், இங்கிருந்து தூரமில்லை. ஆனால் அங்கே தீயணைக்க ஏறுபவர்கள் பழகியவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். பயிற்சியில்லாத கல்லூரி மாணவர்கள் ஆர்வத்தில் தீயைத் தேடி மலையேறுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். தன்னார்வலரின் பருவம் தீ பிடிப்பதற்கு முந்தைய நான்கு மாதம். பிடித்த பிறகு அவர் செய்ய வேண்டியது 101க்கோ 112க்கோ வனத்துறைக்கோ சொல்வது, பாதையில் நின்று மற்றவர்களை மேலே போகவிடாமல் தடுப்பது, தண்ணீரும் சாப்பாடும் ஏற்பாடு செய்வது.

தகவலுக்கு இன்று வானமும் உதவுகிறது. டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனம், செயற்கைக்கோள் பார்க்கும் வெப்பப் புள்ளிகளைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. ஆனால் அந்தக் கருவியின் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரம், கிட்டத்தட்ட 35 ஏக்கர். அதற்குள் எரிவது காடா, சோகையா, குப்பைமேடா என்று டேராடூனில் இருப்பவருக்குத் தெரியாது. நடுப்பகலிலும் நள்ளிரவிலும் கடந்து போகிற செயற்கைக்கோள், மூன்று மணிக்குப் பற்றி ஆறு மணிக்கு அணைந்த தீயைப் பார்க்கவே பார்க்காது. அடிவாரத்து ஊர்களில் ஊருக்கு ஒருவர், அந்தச் செய்தி வந்ததும் மொட்டைமாடியில் ஏறிப் பார்த்து, "இது கரும்பு வயல்", "இது மலைதான், இரண்டாவது முகட்டுக்குக் கீழே" என்று வனவருக்குச் சொன்னால் அது பெரிய உதவி. இதற்கு மலையேறத் தெரிய வேண்டியதில்லை. முகடுகளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயர்களை இன்னும் சொல்லக்கூடிய ஆடு மேய்க்கும் தாத்தாக்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மாணவர்கள் இந்த விடுமுறையில் அவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் ஜனவரி 26 தீக்காலத்துக்குச் சற்று முன்னால் வருகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், தீக்காலத்தின் நடுவில் வருகிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, காட்டையும் நீர்வரத்துப் பகுதிகளையும் காக்கும் பொறுப்பையும் அதிகாரத்தையும் வன உரிமை உள்ளவர்களுக்கும் அவர்களது கிராம சபைக்கும் கொடுத்திருக்கிறது. மலை ஊராட்சிகளில் ஜனவரி 26 அன்று, எந்தப் பக்கம் தீத்தடுப்புக் கோடு வேண்டும், கொல்லை எரிப்பதை எந்தத் தேதிக்குள் முடிப்பது, அன்று யார் யார் தண்ணீரோடு பக்கத்தில் நிற்பது என்று மூன்று வரித் தீர்மானம் போடலாம். கீழே, அடிவாரத்து ஊராட்சிகளில், மலையை ஒட்டிய வயல்களில் சோகை எரிப்பதில்லை என்று ஒரு வரி போதும். எந்த ஊர் முதலில் போட வேண்டும் என்று கேட்டால், கீழ் ஊர்கள் என்பேன். அந்தத் தீர்மானத்தின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பிறகு கரியாலூருக்குப் பேசப் போகலாம். இந்தக் கூட்டம் முடிந்ததும், ஜனவரி 26 அன்று தங்கள் ஊராட்சியில் இதைக் கேட்கத் தயாராக இருப்பவர்கள் மேடைக்கு இடப்பக்கம் வாருங்கள். தீர்மான வாசகத்தை உட்கார்ந்து எழுதிவிடுவோம்.